நான்கு நாள் பூஜ்யம்

நான்கு நாளாகச் சுதாவுக்குச் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே போயிற்று. ஐசியூ கதவுக்கு வெளியே கழற்றுவாள். "ஒருத்தருக்குத்தாம்மா பாஸு. உன் தம்பி உள்ள கீறாரு" என்பார் வாட்ச்மேன் சின்னப்பையன். மறுபடி மாட்டிக்கொண்டு நாற்காலிக்கு வருவாள். சின்னப்பையனுக்கு வயது ஐம்பத்தெட்டு. பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை என்று அவரிடம் யாராவது சொன்னால், ரூலுக்கும் நியாயத்துக்கும் மட்டும் சம்பந்தம் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பார்.

உள்ளே ஆறாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்தவர் சுதாவின் நைனா ஏகாம்பரம். மானாம்பதியில் மூன்று ஏக்கர் நெல் வைப்பவர், எழுபத்தோரு வயது. நுரையீரலில் வந்த கட்டி முதுகெலும்பு வரை போய்விட்டது என்பது சித்திரையிலேயே தெரிந்துவிட்டது. நான்கு நாளைக்கு முன் மூச்சு முட்டி, உத்திரமேரூர் ஆஸ்பத்திரியின் எட்டுக் கட்டில் ஐசியூவில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்றிலிருந்து முகத்தில் இறுக்கிக் கட்டிய மாஸ்க் வழியாக ஒரு மெஷின் அவருக்குள் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது.

மூச்சு முட்டுகிறது என்று அவர் முதலில் போன் செய்தது மகன் வினோத்குமாருக்கு. ஒரகடம் கம்பெனியில் ஷிஃப்டில் இருந்தவன், "காலையில பாத்துக்கலாம் நைனா" என்று வைத்துவிட்டான். இது நமக்குத் தெரியும். சுதாவுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது வினோத்துக்கும் தெரியும். அதனால்தான் இந்த நான்கு நாளும் அந்தப் பாஸை அவன் யாரிடமும் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டாக்டர் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

டாக்டர் அப்துல் பாசித், வாலாஜாபாத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் வஹாப் பாயின் மகன். படித்த தமிழ் பேசுவார். சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"மாஸ்க் மட்டும் இனிமே பத்தாது போலிருக்கு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நாம ஒரு முடிவு எடுக்கணும். தொண்டை வழியா குழாய் போட்டா மூச்சை மெஷின் பார்த்துக்கும். ஆனா அந்தக் கட்டிக்கு வைத்தியம் கிடையாது. போட்ட குழாயை எடுக்கிற நாள் வராதுன்னுதான் நான் நினைக்கிறேன். குழாய் வேணாம்னா மாஸ்க்கோடயே வச்சு, கஷ்டம் தெரியாம பார்த்துக்கலாம். அப்படின்னா நாள் குறைவுதான்."

"போடுங்க சார்" என்றான் வினோத். டாக்டர் வாய் மூடுவதற்கு முன்பே சொல்லிவிட்டான்.

"நைனாவ கேட்டீங்களா?" என்றாள் சுதா.

"கேக்கிற நிலைமையில அவர் இல்லம்மா. மாஸ்க்கைப் பிடிச்சு இழுக்கிறார். கையைக் கட்டி வச்சிருக்கோம். என்ன கேட்டாலும் தலையாட்டுறார்."

"நாலு நாளா நான் வாசல்லயே கீறேன் சார். என்ன உள்ள வுட்டிருந்தா நான் கேட்டிருப்பேன்."

டாக்டர் வினோத்தைப் பார்த்தார். வினோத் பாஸைப் பார்த்தான்.

"முடிவுக்கு முன்னாடி சிஸ்டர் பிரிஸ்கில்லா ஒரு ஷீட் பூர்த்தி பண்ணணும். அவருக்கு என்னென்ன கஷ்டம், என்னென்ன தேவைன்னு வரிசையா கேப்பாங்க. ரெண்டு பேரும் உள்ள வாங்க. சின்னப்பையன் கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஐந்தாவது நாள் சுதா கழற்றிய செருப்பை உடனே மாட்ட வேண்டியிருக்கவில்லை.

உள்ளே குளிர். நைனா பாதியாகியிருந்தார். இரண்டு கையும் பஞ்சு உறைக்குள் இருந்தன. உறைகளின் நாடாக்கள் கட்டில் கம்பியில் கட்டியிருந்தன. திமிரும் மாட்டைத் தானே தனியாகப் பிடித்துக் கட்டுகிற ஆளைக் கட்டி வைத்திருக்கிறார்களே என்று சுதா ஒரு நாடாவின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

பிரிஸ்கில்லா தெற்கே நாசரேத்துக்காரி. இந்தப் பக்கம் வேலைக்கு வந்து எட்டு மாதம்தான். சிறிய உருவம், பெரிய பேனா.

"பேருக்கு எழுதுற ஷீட்டு இல்லக்கா இது. பார்த்துச் சொல்லுங்க. தாகம் இருக்கா?"

"நேத்து ஸ்பூன்ல தண்ணி குடுத்தேன். குடிச்சாரு" என்றான் வினோத்.

"தூக்கம்?"

"நல்லா தூங்கறாரு."

"பயம் இருக்கா?"

"எங்க நைனாவுக்கா? இன்னா சிஸ்டர் நீங்க! ஏரிக்கரை ஒடைஞ்சப்போ மொத ஆளா மண்ணு மூட்டையத் தூக்கிக்கினு தண்ணியில எறங்கினவரு."

"டேய், படுத்துக்கினு கீறது அவரா, நீயா? அவர கேக்க வுடுறா!"

"நாலு நாளா கூடவே கீறவன் நானு. நீ ராஜகுளத்துக்குக் கட்டிக் குடுத்துப் போனவ. உனுக்கு இன்னா தெரியும்?"

கட்டிக் கொடுத்த பெண் என்ற வார்த்தையில் அவனுக்கு ஒரு வசதி. பத்து வருஷமாக அதைச் செலவழிக்கிறான், இன்னும் தீரவில்லை. பதில் சொன்னால் சண்டை வளரும் என்று சுதா கட்டிலின் காலடியில் தொங்கிய சார்ட்டை எடுத்தாள். ராஜகுளம் அங்கன்வாடியில் டீச்சர் அவள். மாதா மாதம் நாற்பது பிள்ளைகளின் எடையை எழுதுகிறவள். கட்டம் போட்ட காகிதத்தைப் பார்த்தால் அவள் கண் தானாக ஓடும்.

சர்க்கரை, காய்ச்சல், ரத்த அழுத்தம் என்று எல்லா வரியிலும் எண்கள் ஏறியும் இறங்கியும் இருந்தன. ஒரே ஒரு வரி மட்டும் நான்கு நாளும் மாறவே இல்லை. வலி: பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம், அத்தனை கட்டத்திலும் அதே பூஜ்யம்.

ஒரே எண் வரிசையாக வந்தால், எழுதுகிறவள் தராசைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இது அங்கன்வாடி அனுபவம்.

"இன்னா சிஸ்டர் இது? முதுகெலும்பு வரைக்கும் கட்டி கீதுன்றீங்க. வலின்ற எடத்துல பூஜ்யம் போட்டு வச்சிருக்கீங்க?"

பிரிஸ்கில்லா கோபப்படவில்லை. அவளுக்கே அது உறுத்திக்கொண்டிருந்தது தெரிந்தது.

"எனக்கும் அதுதான் புரியலக்கா. ஒருபக்கமா திருப்பிப் படுக்க வைக்கையில நாடி நூத்தி முப்பதுக்கு ஓடுது. நெத்தி சுருங்குது. வலிக்கான்னு கேட்டா இல்லங்காரு. ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும். அவரு இல்லன்னு சொல்லையில நான் இருக்குன்னு எழுத முடியாதுல்லா?"

"என் எதிர்ல கேளுங்க."

பிரிஸ்கில்லா குனிந்தாள். "தாத்தா... வலிக்கா? வலி இருக்கா?"

ஏகாம்பரத்தின் கண் அகலத் திறந்தது. தலையைப் பலமாக ஆட்டினார். இல்லை, இல்லை, இல்லை.

பார்க்கிற யாருக்கும் அது 'இல்லை' என்றுதான் தெரியும். சுதாவுக்கு மட்டும் அது வேறு மாதிரி தெரிந்தது. அந்தக் கண்ணில் இருந்தது பதில் இல்லை, பயம். இந்தப் பயத்தை அவள் சின்ன வயதில் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்த வார்த்தையாக, "நைனா, வயிறு வலிக்குது" என்று சொன்ன அன்று. ஓடி வந்து அவள் வாயைப் பொத்தினார் நைனா. "அந்த வார்த்தைய இந்த வூட்ல சொல்லாத."

அவர்கள் வீட்டில் வலி என்றால் ஒன்றே ஒன்றுதான். காக்கா வலி. கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளுகிற அந்த வலி. நைனாவின் அக்கா மங்கம்மாவுக்கு அது இருந்தது. பதினேழு வயதில் கால்வாய்க்குத் துணி அலசப் போனவள் வலி வந்து, முழங்கால் ஆழத் தண்ணீரில் குப்புற விழுந்து போய்ச் சேர்ந்தாள். தூக்கிக் கரையில் போட்டது பன்னிரண்டு வயது ஏகாம்பரம். அன்றிலிருந்து அந்த வீட்டில் தலை நோவும், கால் நோவும், பல் நோவும். எதுவும் வலிக்காது.

டிவி பார்க்கிற மனிதர்தான். வெளியில் நாலு பேர் சொல்லிக் கேட்டவர்தான். நல்ல நினைவில் இருந்தால் நர்ஸ் என்ன கேட்கிறாள் என்று புரிந்துகொண்டிருப்பார். ஆனால் நான்கு நாள் தூக்கமில்லாமல், காற்று போதாமல் மயங்கிக் கிடக்கிறவனுக்கு ஊர்ப் பேச்சு போய்விடும், வீட்டுப் பேச்சுதான் மிஞ்சும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் யாரோ ஒரு பெண் வந்து, உனக்கும் உன் அக்காவுக்கு வந்தது வந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். அவரும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

சுதா மாஸ்க்கின் ஓரத்தில் காதருகே வாயை வைத்தாள்.

"நைனா. நான் சுதா. நோவுதா?"

ஏகாம்பரம் அசையாமல் அவளைப் பார்த்தார். பிறகு தலை மேலும் கீழும் ஆடியது. நிற்கவே இல்லை. மாஸ்க்கின் விளிம்பில் கண்ணீர் தேங்கி வழிந்தது.

"எங்க நோவுது?"

பிரிஸ்கில்லா அவசரமாக நாடாவை அவிழ்த்தாள். உறையை உருவியதும் அந்தக் கை மாஸ்க் பக்கம் போகவில்லை. முதுகுக்குக் கீழே போயிற்று.

"ரொம்ப நோவுதா?"

கண்ணை மூடித் திறந்தார்.

சுதாவுக்கு அழுகை முதலில் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பூஜ்யம் போட்டவள் மேல், பாஸைப் பிடித்துக்கொண்டிருந்தவன் மேல், எல்லாரையும் விடத் தன் மேல். போகாதே என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள்தானே! ஒரு தடவை கத்தி உள்ளே நுழைந்திருந்தால் நான்கு நாள் நோவு மிச்சமாகியிருக்கும்.

"என் கையால போட்ட பூஜ்யம்" என்றாள் பிரிஸ்கில்லா. அதை அடிக்கவில்லை, அழிக்கவில்லை. அடுத்த கட்டத்தில் ஒன்பது என்று எழுதி, பக்கத்தில் 'நோவு என்று கேட்கவும்' என்று எழுதிவிட்டு, ஓட்டமும் நடையுமாக டாக்டரைத் தேடிப் போனாள்.

டாக்டர் பாசித் வந்து கேட்டுவிட்டுச் சார்ட்டில் அந்தப் பூஜ்ய வரியை விரலால் ஓட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்க வூட்லயும் நோவுதுன்னுதான் சொல்வாங்க. எங்கம்மா இன்னிக்கும் அப்டித்தான் சொல்லுது. படிக்கப் போன எடத்துல நான்தான் தொலைச்சுட்டேன்."

மார்ஃபின் ஊசி என்றதும் வினோத் குறுக்கே வந்தான். "சார், அது போதை மருந்து. மூச்சு நின்னுடும்னு சொல்றாங்க."

"அளவாக் குடுத்தா நிக்காது. நோவும் குறையும், மூச்சுத் திணறலும் குறையும். பக்கத்துலயே இருந்து பார்க்கிறோம்."

பகல் ஒரு மணிக்குச் சின்ன அளவில் ஊசி போட்டார்கள். மெஷினில் நாடி நூற்றுப் பன்னிரண்டு, நூற்று நான்கு, தொண்ணூற்றாறு என்று இறங்கியது. நைனாவின் நெற்றி விரிந்தது. சேர்த்த நாளிலிருந்து அந்த நெற்றி அப்படி இல்லை. இரண்டு மணி வாக்கில் மாஸ்க்கைக் கொஞ்ச நேரம் எடுத்து, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை வைத்தார்கள். பிரிஸ்கில்லா ஈரத் துணியால் உதட்டைத் துடைத்தாள். ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள்.

ஏகாம்பரம் முதலில் மகனைப் பார்த்தார். "ஏன்டா... சவரம் பண்ணல?"

வினோத் சிரிக்கப் போய், முகம் கோணி, திரும்பிக்கொண்டான்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெயர் கேட்டார், சொன்னார். என்ன ஊர் என்றார். "உத்திரமேரூரு. ஆஸ்பத்திரி. பொட்டிக்குள்ள வச்ச மாதிரி குளுருது." என்ன நோய் என்று தெரியுமா? "கட்டி. தேறாது." ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு வாங்கினார்.

டாக்டர் குழாயைப் பற்றிச் சொன்னார். இந்தத் தடவை படித்த தமிழில் இல்லை, மண்டித் தெருத் தமிழில்.

"போட்டா... பேச முடியுமா?"

"முடியாது நைனா. மயக்கத்துலதான் வச்சிருப்போம்."

"அப்பறம்... எடுத்துடுவீங்களா?"

"எடுக்க முடியாமயே போவும்னு நெனைக்கறேன்."

ஏகாம்பரம் யோசித்தார். அவசரப்படாமல் யோசித்தார்.

"வேணாம்" என்றார். டாக்டர் இன்னொரு தடவை கேட்டார். "வேணாம். இந்த மாதிரியே... நோவில்லாம பாத்துக்கோ. போதும்."

சுதா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைக் கண்டு பயமாகவும் இருந்தது.

"சார், இது அவரு பேசல!" என்றான் வினோத். "மருந்து பேசுது. காலைல வரைக்கும் போராடிக்கினு இருந்த மனுசன். ஊசி போட்டு ஒரு மணி நேரத்துல வேணாம்ன்றாரு. போதையில சொல்றத வச்சிக் கையெழுத்துப் போடச் சொல்றீங்களா?"

"குறைஞ்ச அளவுதான் குடுத்திருக்கோம். தெளிவாத்தான் இருக்கார்."

"ஊசி போட்டப்பறம் சொன்ன பேச்ச நான் ஒத்துக்க மாட்டேன்."

டாக்டர் இருவரையும் திரைக்கு அப்பால் அழைத்துப் போனார். "முடிவு அவரோடதுதான். ஆனா நீங்க மனசு ஒத்துக்காம இருந்தா, திடீர்னு மூச்சு முட்டுற நேரத்துல நீங்க கத்துவீங்க. அப்ப டூட்டியில யார் இருந்தாலும் குழாயைப் போட்டுடுவாங்க. அதுக்குத்தான் சொல்றேன், நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க."

பேசிக்கொண்டார்கள். அதைப் பேச்சு என்று சொல்ல முடிந்தால்.

வினோத்துக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. திரையிலிருந்து சுவர் வரை போனான், வந்தான். "ஊரு இன்னா பேசும் தெரியுமா? அப்பன் மூச்ச புள்ளையே நிறுத்திட்டான்னு பேசும்."

"ஊருக்காவ அவர குழா குத்தி வைக்கணுமா?"

"நீ வந்துட்டுப் போயிடுவ. மானாம்பதியில இருக்கப் போறது நானு."

சுதாவுக்கு நாக்கில் நரம்பில்லாமல் போயிற்று. "நீ அன்னிக்குப் போன வச்சதுக்கு, அவரு தொண்டையில குழா எறங்கணுமாடா?"

சொன்ன உடனே திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் எடுத்துக்கொண்டிருப்பாள். வினோத் நடப்பதை நிறுத்தினான். மறுப்பான், கத்துவான் என்று பார்த்தாள். அவன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"ஆமாக்கா" என்றான். "அதுக்குத்தான். நான் வந்துடறேன் நைனான்னு அன்னிக்குச் சொல்லியிருக்கணும். சொல்லல. இன்னும் நாலு நாள் அவரு இருக்கட்டும். எந்தக் குழாவ மாட்டியாவது இருக்கட்டும். இப்பவே வுடுன்னா என்னால ஆவல."

அவள் அவன் தோளில் கை வைத்தாள். தட்டிவிட்டான். ஆனால் விலகிப் போகவில்லை.

நாலரை மணிக்கு நைனாவின் நெற்றி மறுபடி சுருங்க ஆரம்பித்தது. ஐந்து மணிக்கு அடுத்த ஊசி. பிரிஸ்கில்லா டிரேயோடு வந்து, இடையில் மாட்டியிருந்த மாஸ்க்கை மறுபடி எடுத்து மூக்கில் குழாயை வைத்தாள். "தாத்தா, நோவுக்கு மருந்து போடட்டா?" ஒரே பகலில் வார்த்தையைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஏகாம்பரம் கையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார்.

"வேணாம்."

"ஏன் நைனா? நோவுதில்ல?" என்றாள் சுதா.

"நோவுது. அவன கூப்பிடு."

வினோத் திரைக்கு இந்தப் பக்கம் வந்தான்.

"நீ சொன்னது... காதுல வுழுந்துச்சி" என்றார் ஏகாம்பரம். "மருந்து பேசுதுன்னியே. எறங்கட்டும். நல்லா எறங்கட்டும். அப்பறம் கேளு."

"நைனா, மொதல்ல ஊசி போட்டுக்கோ. அப்பறம் பேசிக்கலாம்."

"அப்பறம் கேட்டா... மறுபடி மருந்துன்னுவ."

அவருக்கு வியர்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். முதுகை மெத்தையிலிருந்து தூக்கப் பார்த்து, முடியாமல் விட்டார். பிரிஸ்கில்லா சிரிஞ்சை வைத்துக்கொண்டு சுதாவைப் பார்த்தாள். போடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போட்டுவிடுவாள். சொல்ல வேண்டும் என்று சுதாவின் உடம்பே துடித்தது. போட்டுவிட்டால் நைனா இன்று சொன்னது செல்லாமல் போகும். போடாவிட்டால் மகனை நம்ப வைப்பதற்காக ஒரு மனிதர் அவள் கண்ணெதிரே நோவில் கிடப்பார்.

"டேய், கேட்டுட்றா" என்றாள். "உன் கால்ல வுழறேன். சீக்கிரம் கேட்டுட்றா."

ஏகாம்பரம் கண்ணை மூடவில்லை. மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வினோத் கட்டிலருகே மண்டி போட்டான். "நைனா..." என்றான். குழாய் வேண்டுமா என்ற கேள்வி மட்டும் அவனுக்கு வரவில்லை.